கதை விளையாட்டுகளின் சோர்ஸ் கோடு: பார்க்கலாம், பயன்படுத்தலாமா?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் வீட்டில் முதலில் ஓடுவது பெரும்பாலும் கேம்ஸ்தான். படமோ சத்தமோ இல்லாமல், எழுத்துகளாலேயே விளையாடும் கேம்ஸ் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் நிற்கும் இடத்தை கம்ப்யூட்டர் இரண்டு வரிகளில் சொல்லும். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் கதை நகரும். இதற்கு இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன் என்று பெயர். இவற்றில் பலவற்றின் சோர்ஸ் கோடு கிடைப்பதால், புரோகிராமிங் கற்க விரும்புவோருக்கு இவை நல்ல பாடப்புத்தகம்.

சோர்ஸ் கோடு என்றால் என்ன?

ஹோட்டலில் நாம் சாப்பிடும் சாம்பாரை, நாம் இயக்கும் புரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாம்பாரின் செய்முறைக் குறிப்புதான் சோர்ஸ் கோடு. குறிப்பு கையில் இருந்தால் நம் ருசிக்கு ஏற்ப மாற்றிச் செய்யலாம்.

கொடுத்ததால் வளர்ந்த கேம்

அமெரிக்காவைச் சேர்ந்த வில் குரௌதர், குகைகளுக்குள் சென்று ஆராய்வதில் ஆர்வம் கொண்ட புரோகிராமர். கென்டக்கியில் உள்ள மம்மத் குகையை வைத்து, 1975-76ல் ஃபோர்ட்ரான் மொழியில் 'அட்வென்ச்சர்' கேமை எழுதினார். ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் உட்ஸ் இதை விளையாடிப் பார்த்து, குரௌதரைத் தொடர்புகொண்டு சோர்ஸ் கோடைக் கேட்டு வாங்கினார். புதிய இடங்களையும் புதிர்களையும் சேர்த்து 1977ல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஜிம் கில்லோக்லி இதை சி மொழிக்கு மாற்றினார். 2017ல் எரிக் ரேமண்ட், குரௌதர், உட்ஸ் இருவரின் சம்மதத்துடன் 'ஓப்பன் அட்வென்ச்சர்' என்ற பெயரில் பிஎஸ்டி லைசென்ஸுடன் வெளியிட்டார். ஒருவர் கொடுத்ததால் ஒரு கேம் நாற்பது ஆண்டுகள் கடந்தும் ஓடுகிறது.

பார்ப்பது வேறு, உரிமை வேறு

'ஸார்க்' என்ற புகழ்பெற்ற கேமை இன்ஃபோகாம் நிறுவனம் வெளியிட்டது. அதன் சோர்ஸ் கோடு 2019ல் கிட்ஹப் தளத்தில் ஏற்றப்பட்டது. யாரும் படிக்கலாம். ஆனால் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற லைசென்ஸ் அதில் இல்லை. இன்ஃபோகாமை ஆக்டிவிஷன் வாங்கியிருந்தது. ஆக்டிவிஷனை 2023ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2025 நவம்பரில்தான் ஸார்க்கின் முதல் மூன்று பாகங்களுக்கும் எம்ஐடி லைசென்ஸ் கிடைத்தது. அதுவும் கோடுக்கு மட்டுமே. டிரேட்மார்க்குகள் அதில் சேராது. ஆகவே, இணையத்தில் கிடைப்பதெல்லாம் இலவச உரிமை என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் லைசென்ஸ் ஃபைலைத் திறந்து படியுங்கள். அது இல்லையென்றால் எழுதியவரிடம் அனுமதி கேளுங்கள். உட்ஸும் கேட்டுத்தான் வாங்கினார்.

2. பிஎஸ்டி, எம்ஐடி லைசென்ஸ் என்றால் மாற்றலாம், மற்றவர்களுக்கும் தரலாம். ஆனால் காப்பிரைட் வரியையும் லைசென்ஸ் வாசகத்தையும் நீக்கக் கூடாது.

3. ஒரிஜினலை அப்படியே வைத்துவிட்டு, காப்பி எடுத்து மாற்றுங்கள். ஓப்பன் அட்வென்ச்சரில் கதை வாசகங்கள் எல்லாம் 'அட்வென்ச்சர் டாட் யாமல்' என்ற ஃபைலில் உள்ளன. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். முதலில் ஓர் இடத்தின் வர்ணனையை மட்டும் மாற்றி, கம்பைல் செய்து, விளையாடிப் பாருங்கள்.

4. நீங்கள் மாற்றியதை தேதியுடன் குறித்து வையுங்கள்.

சி மொழி கடினமாகத் தோன்றினால் 'இன்ஃபார்ம் 7' மென்பொருளை முயலுங்கள். கிரஹாம் நெல்சன் உருவாக்கி 2006ல் வெளியான இதில், 'சமையலறை ஓர் அறை' என்பது போன்ற எளிய ஆங்கில வாக்கியங்களே புரோகிராம். மற்றவர்கள் எழுதிய எக்ஸ்டென்ஷன்களை உங்கள் கதையில் சேர்க்கலாம். விளையாடுபவர் 'வெர்ஷன்' என்று டைப் செய்தால் எக்ஸ்டென்ஷன்களை எழுதியவர்களின் பெயர்கள் திரையில் வரும்.

கடைசியாக என் அனுபவம். கல்லூரி புராஜெக்டில் இணையத்தில் கிடைத்த ஒரு கோடைச் சேர்த்து, எழுதியவர் பெயரை அழித்துவிட்டேன். வைவாவில், இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். பதில் தெரியவில்லை. எழுதியவரையே கேட்கலாம் என்றால், அவர் பெயரைத்தான் நானே அழித்துவிட்டேனே! நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். பெயரை விட்டுவையுங்கள், நாளை உங்கள் கோடை எடுப்பவரும் உங்கள் பெயரை விட்டுவைப்பார்.