பேத்தியின் வினாத்தாள்

விருத்தாசலம்

அன்புள்ள பேத்திக்கு,

நிர்வாகவியலில் டாக்டர் பட்டத்திற்காக நம் ஊர்ச் செராமிக் பட்டறைகளையே ஆராயப் போவதாக நீ எழுதிய கடிதமும், உடன் அனுப்பிய வினாத்தாளும் கிடைத்தன. பிறந்த மண்ணை நீ மறக்கவில்லை என்பதில் எனக்குப் பரம சந்தோஷம். ஆயினும் வினாத்தாளைப் படித்து முடித்தபோது மனம் சஞ்சலப்பட்டது என்பதை உன்னிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

நாற்பது வருஷம் நான் அகலும் கொலு பொம்மையும் செய்த காலத்தில், இதைப் போன்ற தாள்களோடு மாணவர்கள் மூன்று முறை வந்தார்கள். 'முற்றிலும் சம்மதம்' முதல் 'சற்றும் சம்மதமில்லை' வரை ஐந்து கட்டங்கள். நம் பட்டறைப் பெண்கள் கையில் ஒட்டிய களிமண்ணைத் துடைத்துவிட்டு வந்து, வேலை கெடுமே என்ற தவிப்போடு ஏதோ ஒரு கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆராய்ச்சிகளால் தெரிந்தது என்ன என்பதை ஒருவரும் திரும்பி வந்து அவர்களுக்குச் சொல்லவில்லை.

எங்களை வாட்டிய கேள்வியோ வேறு. கார்த்திகைக்கு அகல் கேட்டு வியாபாரிகள் நெருக்குவது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்வதும் அப்போதுதான். காற்றில் ஈரம் ஏறினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு மண்ணின் நீரை உறிஞ்சாது, சாமான் காயாது, காயாததைச் சூளையில் ஏற்றினால் உள்ளே தங்கிய நீர் ஆவியாகி, பாடுபட்டதெல்லாம் வெடித்துச் சிதறும். கோடையிலேயே செய்து அடுக்கிவிடலாமென்றால், ஆறு மாதம் விற்காமல் கிடக்கும் சரக்கில் முடங்கிய பணத்திற்கு வட்டி எங்கிருந்து வரும்? 45 நாளுக்குமேல் பாக்கி நிற்கக்கூடாது என்று 2006-ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டம் சொல்கிறது. ஆனால் அதைக் காட்டிப் பணம் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற அச்சத்தில் நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. எவ்வளவு சரக்கைக் கோடையில் செய்வது, எவ்வளவு கடனுக்கு விடுவது என்பது நிர்வாக சாஸ்திரத்தின் கேள்வி அல்லவா, அம்மா? உன் தாளில் அது இல்லை.

நிர்வாகவியல் ஆராய்ச்சி இப்படித் தொழிலை விட்டு விலகியதற்கு ஒரு பின்னணி உண்டு. 1959-ல் ஃபோர்டு, கார்னகி அறநிறுவனங்களின் ஆதரவில் வெளியான இரண்டு அறிக்கைகள், அமெரிக்க வணிகப் பள்ளிகளின் கல்வித் தரத்தைக் கண்டித்து, விஞ்ஞானபூர்வமான ஆராய்ச்சியை வற்புறுத்தின. கண்டனம் நியாயமானதே. ஆனால் நாளடைவில் பேராசிரியர்கள் பேராசிரியர்களுக்காகவே எழுதும் வழக்கம் வேரூன்றி, 1993-ல் அந்நாட்டு நிர்வாகவியல் அகாடமியின் தலைவர் டொனால்ட் ஹாம்ப்ரிக் தம் தலைமையுரையிலேயே அதைக் குறித்து வருந்திப் பேசும்படி ஆயிற்று.

அதற்கு மாறாக, நம் தேசத்தில் ரவி மத்தாய் என்றொருவர் இருந்தார். ஆமதாபாத் நிர்வாகவியல் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநர். 1972-ல் அப்பதவியைத் தாமே துறந்து, அங்கேயே ஆசிரியராகத் தொடர்ந்தார். பிறகு 1975-ல் ராஜஸ்தானத்து ஜவாஜா கிராமங்களுக்குச் சென்று, தோல் தொழிலாளர்களோடும் நெசவாளர்களோடும் உறவுகொண்டு, தேசிய வடிவமைப்புக் கழகத்தாரையும் துணை சேர்த்து, அம்மக்கள் புதிய சாமான் செய்யவும் சந்தையைத் தாமே சமாளிக்கவும் கற்றுக்கொள்ளப் பாடுபட்டார். அங்கே கற்றவர்கள் கிராமத்தார் மட்டுமல்லர், உடன் சென்ற ஆசிரியர்களும்தான். அந்த அனுபவம் பின்னர் நூலாயிற்று என்றாலும், நூலுக்காக அவர் அங்கே போகவில்லை.

உன் வழிகாட்டி கணக்கு முறையும் கண்டிப்பும் வேண்டும் என்பார், அதில் தளராதே. ஆனால் கேள்வியைப் பட்டறையில் உட்கார்ந்து தேடு. கிடைத்த விடையை, அது பாதியாயினும், நல்ல தமிழில் எழுதிவந்து அந்தப் பெண்களுக்கு வாசித்துக் காட்டு. வெயில் காலத்தில் வராதே, ஐப்பசியில் வா. எந்த மாதம் எத்தனை அகல் உடைந்தது, யார் எத்தனை நாள் கழித்துப் பணம் கொடுத்தார் என்பதெல்லாம் எழுதிய என் பழைய பேரேடுகளைப் பரணிலிருந்து இறக்கி, உன் பாட்டி தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள்.

உன் பிரியமுள்ள,
தாத்தா