மேடையில் ஓர் அறிக்கை, வீட்டில் ஓர் அறிக்கை

வேதபாடம்: யாக்கோபு 5:16



அறிக்கையிடுதல், ஒருவருக்காக ஒருவர் ஜெபித்தல், சொஸ்தமடைதல் ஆகிய மூன்றையும் யாக்கோபு இவ்வசனத்தில் ஒன்றாக இணைக்கிறார். இவற்றைப் பிரித்துவிட்டால் என்ன ஆகும்? உடல் எடையைக் குறித்து அமெரிக்காவில் செய்யப்பட்ட இரண்டு அறிக்கைகளைக் கொண்டு இதைத் தியானிப்போம்.

1. வீட்டில்

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசியின் எடை சுமார் 97 கிலோ. நகர சுகாதாரத் துறையின் சிகிச்சை நிலையத்தில் அவருக்குப் பத்தியம் கொடுத்தார்கள். ஆனால் பிஸ்கட்டை ஒளித்துவைத்துத் தின்பதை அங்கே சொல்ல அவர் வெட்கப்பட்டார். 1961-ல் பருமனான சில தோழிகளைத் தம் வீட்டுக்கு அழைத்து அதைச் சொல்லிவிட்டார். அவர்களும் தங்கள் மறைவான காரியங்களைச் சொன்னார்கள். வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் தாங்கினார்கள்.

2. சந்தையில்

1963-ல் அந்தக் கூடுகை 'வெயிட் வாட்சர்ஸ்' என்ற நிறுவனமாயிற்று. 1978-ல் ஹெயின்ஸ் என்ற உணவு நிறுவனம் அதை விலைக்கு வாங்கிற்று. தோழியரிடம் மனந்திறந்து பேசியது கட்டணம் செலுத்திப் பேசுவதாக மாறிற்று.

3. மேடையில்

1988 நவம்பரில் ஓப்ரா வின்ஃப்ரி தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், 67 பவுண்டு, அதாவது சுமார் 30 கிலோ, கொழுப்பை ஒரு சிறு வண்டியில் இழுத்து வந்தார். திரவ உணவினால் அவர் குறைத்திருந்த எடை அவ்வளவு. ஜனங்கள் கைதட்டினார்கள். எடையோ திரும்ப ஏறிற்று. 2015-ல் அதே வெயிட் வாட்சர்ஸில் சுமார் 10 சதவீதப் பங்கை வாங்கினார். 2023 டிசம்பரில், எடை குறைக்கும் மருந்து உட்கொள்வதாக வெளிப்படையாகச் சொன்னார். 2024-ல், அந்த வண்டியைக் காட்டியதற்காக வருந்தினார். அவரை நியாயந்தீர்ப்பது நம் வேலையல்ல. கைதட்டிய கூட்டம் அவருடைய பாரத்தைச் சுமக்கவில்லை என்பதே நமக்குப் பாடம்.

4. நம்மிடத்தில்

எடை குறைந்தவுடன் உடல் பசியைக் கூட்டி, தான் செலவழிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. எனவே எடை திரும்புவதை மனவுறுதிக் குறைவு என்று மட்டும் சொல்ல முடியாது. 2013-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் உடற்பருமனை நோயாக ஏற்றுக்கொண்டது. நோயைப் பாவமென்று பேசலாகாது.

எங்கள் வார்டுகளில் சர்க்கரை நோயாளிகள் சிலர் பத்தியம் மீறியதை மறைக்கிறார்கள். திட்டுவார்கள் என்ற பயமே காரணம். உண்மை தெரியாமல் டாக்டர் இன்சுலின் அளவைக் கூட்டினால், அவர்கள் பத்தியமாகச் சாப்பிடும் நாளில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். திட்டியவர்களில் நாங்களும் உண்டு. முதலில் அறிக்கையிட வேண்டியவர்கள் நாங்களே.

சிந்திக்க: நம் சபையில் பருமனான சகோதரியைப் பார்த்ததும் முதலில் அவருடைய உடம்பைப் பற்றிப் பேசுகிறோமா, சுகத்தை விசாரிக்கிறோமா?

ஜெபிக்க: வெட்கத்தினால் சிகிச்சைக்கு வரத் தயங்குகிறவர்களுக்காகவும், பொறுமையாய்க் கேட்கும் செவியை நாங்கள் பெறும்படியாகவும் ஜெபியுங்கள்.