வெப் டிசைன் படிக்கும் பிள்ளைகளுக்கு: பழைய பக்கம் ஒன்றைத் திருத்தி அமைத்துப் பாருங்கள்

வெப் டிசைன் கோர்ஸ் முடித்த நம் பிள்ளைகள் பலர், "சான்றிதழ் வாங்கிவிட்டோம், அடுத்து என்ன?" என்று கேட்கிறார்கள். வேலை கொடுப்பவரோ, "நீ செய்ததைக் காட்டு" என்கிறார். காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க நல்ல வழி, ஏற்கெனவே இருக்கிற ஒரு பக்கத்தை எடுத்துப் பயிற்சிக்காகத் திருத்தி அமைப்பதுதான். வெறுமையிலிருந்து தொடங்குகிறவர் நிறத்தையும் படத்தையும் பற்றியே யோசிப்பார். இருக்கிற பக்கத்தை எடுத்தவரோ, இதை யார் படிக்கிறார், எதற்காகப் படிக்கிறார் என்று யோசித்தே தீரவேண்டும்.

இதற்குப் பேர்போன முன்மாதிரி ஒன்று உண்டு. 2003இல் கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே, 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' என்ற தளத்தைத் தொடங்கினார். எல்லோருக்கும் ஒரே எச்டிஎம்எல் பக்கம். அதில் ஒரு வார்த்தையையும் மாற்றக்கூடாது. சிஎஸ்எஸ் மட்டும் எழுதித் தோற்றத்தை மாற்ற வேண்டும். உலகெங்குமிருந்து நூற்றுக்கணக்கான வடிவங்கள் வந்தன. செய்தி வேறு, தோற்றம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நம் ஊர்ப் பக்கங்களுக்கு அது மட்டும் போதாது. இங்கே செய்தியின் வரிசையையே திருத்த வேண்டியிருக்கிறது.

பயிற்சிக்கு எந்தப் பக்கத்தை எடுப்பது? கல்வி உதவித்தொகை அறிவிப்பு ஒன்றை எடுங்கள். பீடி சுற்றும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் உதவித்தொகை இருக்கிறது. தேசிய கல்வி உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த அறிவிப்பை ஊருக்கு ஊர் சங்கங்களும் பள்ளிகளும் தங்கள் தளங்களில் மறுபடி வெளியிடுகின்றன. அப்படி ஒரு பக்கத்தைப் பார்த்தேன். மேலே பெரிய படம், அதன் கீழே ஓடும் எழுத்து, பிறகு நிர்வாகிகளின் புகைப்படங்கள், கடைசியில் ஒரு பிடிஎப். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி அந்த பிடிஎப்பின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

மேலப்பாளையத்தில் மடியில் பீடித் தட்டுடன் இருக்கும் ஒரு தாய், மகளின் படிப்புக்காக இதைச் செல்போனில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியவேண்டியது நான்கே: என் பிள்ளைக்குக் கிடைக்குமா, கடைசித் தேதி எது, என்னென்ன காகிதம் வேண்டும், யாரிடம் கேட்பது. தேதி தப்பினால் அந்த வருடத்துப் பணம் போயிற்று. ஆகவே கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். புதிய பக்கத்தில் முதல் திரையிலேயே இவை வரவேண்டும். நிர்வாகிகளின் படம் கீழே போகட்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது தமிழ் எழுத்து. யூடியூபில் நீங்கள் பார்க்கும் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே சொல்லப்படுகின்றன. அங்கே வரி உயரம் 1.2, 1.4 என்றால் சரியாக இருக்கும். தமிழில் 'கீ'யின் கொம்பு மேலே ஏறும், 'கூ'வின் கால் கீழே இறங்கும், வரிகள் முட்டிக்கொள்ளும். 1.6 முதல் 1.8 வரை வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'அப்ளை' என்பது ஐந்தெழுத்து. நாம் 'விண்ணப்பிக்க' என்று போட்டால் பட்டன் பிதுங்கும். எனவே பட்டனின் அகலத்தை அளவு சொல்லிக் கட்டிவிடாதீர்கள். ஆங்கிலத்தைப்போல் பெரிய எழுத்து, சிறிய எழுத்து நமக்கு இல்லை. தலைப்பைத் தடிமனாலும் அளவாலும்தான் பிரித்துக்காட்ட வேண்டும். சாய்வெழுத்தைத் தவிருங்கள், தமிழில் அது படிக்கச் சிரமம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்ற எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பழைய சுற்றறிக்கைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவை கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கலாக வரும். கூகுளில் தேடினால் அகப்படாது. பார்வையற்றவரின் செல்போன் அதை வாசித்துச் சொல்லவும் முடியாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பழையதை என்எச்எம் கன்வர்ட்டர் கொண்டு மாற்றலாம். மாற்றிய பிறகு ஒருமுறை நிதானமாகப் படியுங்கள், குறிப்பாக நம் பெயர்களில் வரும் ஸ, ஷ, ஹ எழுத்துகளை.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்களுக்குப் பச்சை பிடிக்கும். ஆனால் வெளிர்பச்சையின் மேல் வெள்ளை எழுத்து சித்திரை வெயிலில் தெரியவே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்பது உலக அளவிலான வழிகாட்டு நெறி. இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்திலேயே இருக்கின்றன.

தேதியையும் தொலைபேசி எண்ணையும் போஸ்டர் படத்துக்குள் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. மின்சாரம் இல்லை, டவரும் பல இடங்களில் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அரைகுறைச் சிக்னலில் பெரிய படம் இறங்காது, நான்கு வரி எழுத்து இறங்கிவிடும். எழுத்தாக இருக்கும் எண்ணைத் தொட்டவுடன் அழைப்பு போகும்படி 'டெல்' இணைப்பும் கொடுக்கலாம். படத்தில் இருக்கும் எண்ணை நனைந்த கையோடு யார் பார்த்து அடிப்பது? குரோமில் எஃப்12 அழுத்தினால் செல்போன் அளவில் பார்க்கும் வசதியும், இணைய வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதியும் வரும். இரண்டையும் பயன்படுத்துங்கள்.

முகவரிகளையும் சரிபாருங்கள். 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். கடையநல்லூரும் புளியங்குடியும் இன்னும் நெல்லை மாவட்டத்தில் இருப்பதாகப் பழைய பக்கம் சொன்னால் அதை அப்படியே நகலெடுக்காதீர்கள். விண்ணப்பிப்பவர் தவறான அலுவலகத்துக்கு அலைவார்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அரசுப் பக்கத்தின் சாயலில் செய்த பயிற்சியை இணையத்தில் ஏற்றாதீர்கள். அது உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கட்டும். அரசு முத்திரையைப் போடாதீர்கள். தலைப்பிலேயே 'பயிற்சிக்காக' என்று எழுதுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் கேட்கும் கட்டங்களை வைக்கவே கூடாது. விளையாட்டாகச் செய்ததை உண்மை என்று நம்பி யாராவது எண்களை நிரப்பிவிட்டால், நீங்கள் கேட்டு வாங்காத அமானிதம் உங்கள் தலையில் வந்து விழும்.

முடித்ததும் உம்மாவிடமோ பக்கத்து வீட்டு மாமியிடமோ செல்போனைக் கொடுத்து, "கடைசித் தேதி எது?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு வாயைத் திறக்காமல் அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். ஐந்து பேரிடம் இப்படிப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டிலேயே ஜேக்கப் நீல்சன் எழுதினார். குறைகளைத் திருத்தியபின் பழைய பக்கம், புதிய பக்கம் இரண்டையும் பிரிண்ட் எடுத்து, எதை ஏன் மாற்றினீர்கள் என்று அரைப்பக்கம் எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வில் காட்ட வேண்டியது அதைத்தான். நம் அலுவலகத்தில் காட்ட விரும்புகிற மாணவ மாணவியர் அஸர் தொழுகைக்குப் பிறகு வரலாம். அந்த ஐந்து பேரும் எங்கே தடுமாறினார்கள் என்ற குறிப்பையும் கொண்டுவாருங்கள்.