இடுப்பு எலும்பு நகர்வு: எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம்



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களுடன் இணைக்கப்படும் ஸ்கேன் அறிக்கைகளில் ஒரு நீளமான சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது: ஸ்பாண்டிலோலிஸ்தீஸிஸ். மனுவில் அதை "டிஸ்க் விலகிவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. இது புரியாமல், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் நடக்கவே முடியாமல் போகும் என்று பயந்து நகையை அடகு வைப்பவர்களும் உண்டு. அன்றிரவே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டியவர் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பதும் உண்டு. நான் மருத்துவன் அல்லன். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. மேலிருந்து எல்1, எல்2 என்று எண்ணி எல்5 வரை வரும். இரண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் ஜவ்வுதான் டிஸ்க். அது பிதுங்கி நரம்பை அழுத்துவது டிஸ்க் கோளாறு. எலும்பே தனக்குக் கீழுள்ள எலும்பின் மீது முன்பக்கமாகச் சறுக்கி நிற்பதுதான் நாம் பேசுகிற நோய். கிரேக்க மொழியில் ஸ்பாண்டிலோஸ் என்றால் முள்ளெலும்பு. பின்பாதி, வழுக்குவதைக் குறிக்கும் சொல். முதலில் இதைக் கவனித்து எழுதியவர் எலும்பு மருத்துவர்கூட இல்லை. பிரசவத்தின்போது குழந்தை வரும் வழியை ஓர் எலும்புப் புடைப்பு மறிப்பதைக் கண்ட பெல்ஜியம் நாட்டுப் பிரசவ மருத்துவர் ஹெர்பினியோ, 1782ல்.

பெரும்பாலும் இரண்டு விதமாக இது வருகிறது. முதல் வகை சிறு வயதிலேயே தொடங்குகிறது. முள்ளெலும்பின் பின்புறம் உள்ள மெல்லிய இணைப்பில் விரிசல் விழுந்து, எல்5 எலும்பு முன்னால் நகரும். உடலைப் பின்னுக்கு வளைத்து முறுக்கும் வேகப்பந்து வீச்சாளர்களுக்கும், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் பிள்ளைகளுக்கும் இது அதிகம். விரிசல் இருந்தும் ஆயுள் முழுக்க வலியே தெரியாதவர்கள் ஏராளம். இரண்டாவது வகை ஐம்பது வயதுக்கு மேல், மூட்டுத் தேய்மானத்தால் வருவது. எல்4 எலும்பில் அதிகம்; ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். நம் வீட்டுத் தாய்மார்கள் "கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கடுத்து மரத்துப் போகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது" என்று சொன்னால், வயதுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். குனிந்தால் வலி குறைவதும், நிமிர்ந்து நின்றால் கூடுவதும் இதன் அடையாளம்.

எலும்பு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை கிரேடு என்று எழுதுவார்கள். கால் பங்கு வரை நகர்ந்தால் கிரேடு 1, அரைப் பங்கு வரை கிரேடு 2, முக்கால் வரை 3, அதற்கு மேல் 4. 1932ல் மேயர்டிங் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த கணக்கு இது. பெரும்பாலோருக்கு இருப்பது 1 அல்லது 2தான். வயது வந்தவர்களுக்கு எலும்பு ஒரே நாளில் கழன்று விழுந்துவிடுவதில்லை. நகர்ந்தாலும் ஆண்டுக்கணக்கில் மெல்லத்தான். இன்னொன்று, எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுக்கப்படுவதால் சிறிய நகர்வு அதில் தெரியாமல் போகலாம். நின்ற நிலையில் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயே இதைச் சரியாகக் காட்டும். அதை எடுக்கச் சொன்னால் "பழைய முறை" என்று நினைக்க வேண்டாம்.

கிரேடு குறைவாக, கால் பலத்துடன் இருந்தால் முதல் சிகிச்சை பிசியோதெரபிதான். இதில்தான் நம்மவர்கள் பொறுமை இழக்கிறார்கள். பத்து நாள் போய்விட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் பலப்பட வாரங்கள், மாதங்கள் ஆகும். எளிய பயிற்சி ஒன்று: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, வயிற்றை உள்ளிழுத்து, இடுப்பின் பின்பகுதியைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை வைத்துத் தளர்த்துவது. பத்து முறை போதும். புஜங்காசனம், சக்கராசனம்போல் பின்னுக்கு வளைக்கும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. முதுகில் ஏறி மிதிப்பது, இடுப்பை முறுக்கிச் சொடுக்கெடுப்பது ஆகவே ஆகாது. வலி கடுமையான ஓரிரு நாள் ஓய்வு போதும். வாரக்கணக்கில் படுத்தால் தசைதான் கரையும். இடுப்பு பெல்ட்டும் அப்படியே, சில காலத்துக்கு மட்டும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, குறிப்பாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர்க் குடத்தையும் கேஸ் சிலிண்டரையும் வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும். உடல் எடையும் புகைப்பழக்கமும் குறைய வேண்டும்.

தொழுகை பற்றிப் பலர் கேட்கிறார்கள். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. சிலருக்கு ருகூஉவும் ஸஜ்தாவும் வலிப்பதில்லை, நீண்ட நேரம் நிற்பதே வலிக்கிறது. வேறு சிலருக்கு ஸஜ்தாவிலிருந்து எழுவதுதான் கஷ்டம். எந்த அசைவு கூடாது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அதைச் சொல்லி உங்கள் மஹல்லா இமாமிடம் சட்டம் கேளுங்கள். வலி என்றாலே நாற்காலி என்று தாமாக முடிவெடுப்பதும், வலியை மறைத்து தராவீஹ் முழுவதும் நிற்பதும் இரண்டுமே தேவையற்றவை.

இனி, தாமதிக்கவே கூடாத நிலை. சிறுநீர் திடீரென அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது. மலம் கட்டுப்பாடின்றிப் போவது. சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போவது. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது. இவற்றில் எது வந்தாலும் அந்த மணி நேரமே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருந்தால் பிறகு ஆபரேஷன் செய்தும் இழந்தது திரும்பாமல் போகலாம். சொல்லக் கூச்சமான அறிகுறிகள் என்பதால் பெண்கள் மறைத்துவிடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள்தான் கேட்க வேண்டும். முதுகு வலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் அது முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

முறையான பயிற்சிக்குப் பிறகும் நடை குறைந்துகொண்டே போனால், கால் பலம் இழந்தால் ஆபரேஷன் தேவைப்படும். நரம்பின் மீதுள்ள அழுத்தத்தை மட்டும் எடுப்பது ஒரு முறை. அத்துடன் ஸ்குரூ, கம்பி வைத்து எலும்புகளை இணைப்பது மற்றொன்று. இரண்டுக்கும் செலவு வேறு. எனக்கு ஏன் இந்த முறை என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அவசர நிலை இல்லாதபோது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் சிகிச்சை வருமா என்றும் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

நமது அறக்கட்டளையில் மனு கொடுப்பவர்கள் நின்ற நிலை எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. அறிக்கை, பிசியோதெரபி செய்த சீட்டு, காப்பீட்டு அட்டை நகல் ஆகியவற்றை இணைக்கவும். பிசியோதெரபிக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் மனு கொடுக்கலாம். அதற்கு எக்ஸ்ரேயும் மருத்துவர் சீட்டும் போதும்.