டன்னுக்கு அரை கிலோ

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணையில் தீவன மில் சூப்பர்வைசராகச் சேர்கிறீர்களா? முதல் வாரம் முழுக்க மக்காச்சோளத்தின் ஈரம், சோயா விலை, லாரி எப்போது வரும் என்ற பேச்சிலேயே போய்விடும். மூலையில் கிடக்கும் டிரேஸ் மினரல் பையை யாரும் காட்டமாட்டார்கள். டன்னுக்கு அரை கிலோவோ ஒரு கிலோவோ போடுகிற சமாச்சாரம்தானே என்ற அலட்சியம். நீங்களே போய் அந்தப் பையின் லேபிளைப் படியுங்கள்.

ஃபார்முலாவில் ‘சிங்க் 80 பிபிஎம்’ என்றிருந்தால் டன்னுக்கு 80 கிராம் துத்தநாகம் என்று பொருள். 80 கிராம் சிங்க் சல்பேட் அல்ல. புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். மோனோஹைட்ரேட் சிங்க் சல்பேட்டில் துத்தநாகம் ஏறக்குறைய 35 சதவீதம், 80-ஐ 0.35-ஆல் வகுத்தால் சுமார் 229 கிராம் வரும். அதையே 72 சதவீத சிங்க் ஆக்சைடாக வாங்கினால் 111 கிராம். காப்பர் சல்பேட்டில் தாமிரம் 25 சதவீதம், மாங்கனீஸ் சல்பேட்டில் மாங்கனீஸ் 31 சதவீதத்தை ஒட்டி. இந்த எண்கள் மனப்பாடமாக இருக்கட்டும். சப்ளையர் சரக்கை மாற்றி அனுப்பும் நாளில் கைகொடுக்கும்.

செலினியம் தனிக்கதை. டன்னுக்கு 0.2 கிராம் என்றால், சோடியம் செலினைட்டாக அரை கிராம்கூட வராது. ஆயிரம் கிலோ தீவனத்தில் அதைச் சமமாகப் பரப்ப எந்த மிக்சராலும் ஆகாது. அதனால்தான் சுண்ணாம்புத் தூளில் கலந்த பிரிமிக்ஸாக வாங்குகிறோம். அந்தப் பிரிமிக்ஸையும் நேராகக் கொட்ட விடாதீர்கள். பத்து கிலோ சோள மாவில் கலந்து, பிறகு மிக்சரில் போடச் சொல்லுங்கள். செலினைட் நஞ்சு. கையாளும் ஆட்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கேட்டு வாங்கித் தருவது உங்கள் வேலை.

ஒருநாள் முதலாளி வந்து நிற்பார்: “தம்பி, முட்டை உடைசல் ஜாஸ்தியாயிருச்சு. மினரலை டபுளாப் போடுங்க.” உடனே தலையாட்டாதீர்கள். ஓட்டில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். ஒரு முட்டை ஓட்டுக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் வேண்டும். துத்தநாகம் கார்பனேட் உருவாக உதவும் நொதியில் இருக்கிறது, மாங்கனீஸ் ஓட்டின் அடித்தளத்தைக் கட்ட உதவுகிறது, தாமிரம் உள்சவ்வை முறுக்கேற்றுகிறது. மூன்றும் கொத்தனார் மாதிரி. செங்கல் இல்லாமல் கொத்தனாரை இரட்டிப்பாக்கி என்ன பயன்? முதலில் கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் துகளின் பருமனைப் பாருங்கள். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது. மாவாக அரைத்த சுண்ணாம்பு அதுவரை இரைப்பையில் தங்காது. பிறகு கோழியின் வயது, போர்த் தண்ணீரின் உப்பு, கோடையில் எவ்வளவு தீவனம் எடுக்கிறது என்பவை. வெயிலில் மூச்சிரைக்கும் கோழி கரியமில வாயுவை இழப்பதாலேயே ஓடு மெலியும். ஐபி (இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ்) போன்ற நோய் வந்துபோனதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இத்தனையும் சரியாக இருந்தால்தான் மினரல் பை. அளவு மீறியும் ஆபத்துதான்: ஒரு காலத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தி இறகு உதிர்க்க வைக்கவே தீவனத்தில் ஒன்றிரண்டு சதவீதம் துத்தநாகம் சேர்த்துப் பார்த்தார்கள்.

அடுத்து ‘ஆர்கானிக் மினரல்’ பிரதிநிதி பளபளக்கும் பிரசுரத்தோடு வருவார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சோளத்திலும் சோயாவிலும் உள்ள ஃபைட்டேட், சாதாரண உப்புகளிலிருந்து வரும் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லேயர் தீவனத்தின் அதிகக் கால்சியம் அந்தப் பிடியை இறுக்கும். கிளைசினேட், மெத்தியோனின் வடிவங்கள் அதிலிருந்து ஓரளவு தப்பிக்கும். ஆனால் விலை அதிகம். என் யோசனை: 60 வாரம் தாண்டி முட்டை பெருத்து ஓடு மெலிந்த தொகுதியில், ஒரு ஷெட்டில் மட்டும் போட்டு, பக்கத்து ஷெட்டின் உடைசலோடு எட்டு வாரம் ஒப்பிடுங்கள். தட்டுக்கணக்கு உங்களிடம்தானே இருக்கிறது.

கோலின் குளோரைடு ஈரம் இழுக்கும்; அதோடும் சல்பேட்டுகளோடும் சேர்ந்து கிடந்தால் வைட்டமினின் வீரியம் குறையும். வைட்டமினை ஓர் அலமாரியிலும் மினரலை இன்னோர் அலமாரியிலும் வையுங்கள். பை ஒவ்வொன்றிலிருந்தும் நூறு கிராம் எடுத்து, பேட்ச் எண்ணும் தேதியும் எழுதி மூன்று மாதம் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு அனுப்ப அந்தப் பொட்டலம் வேண்டும். தீர்ந்துபோன பையை வைத்துக்கொண்டு சப்ளையரிடம் சண்டை போட முடியாது.