வார்த்தை உண்மை, பேச்சு பொய்

அன்புள்ள மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. பைக்கை விற்ற கதையைப் படித்தேன். வாங்க வந்தவர் "வண்டி எங்காவது அடிபட்டதா?" என்று கேட்க, "என் கையில் ஒருதடவைகூட விழுந்ததில்லை" என்றாயாம். உன் நண்பன் கொண்டுபோய் மோதியதும், வளைந்த ஃபோர்க்கை மெக்கானிக் நிமிர்த்தியதும் அவருக்குத் தெரியாது. "நான் சொன்னதில் எது பொய்?" என்கிறாய். சட்டம் படிக்கிறவன் கேட்கிற கேள்விதான்!

அமெரிக்க உச்ச நீதிமன்றம்கூட உன் பக்கம் நிற்கும். 'எல் சிட்' படத்தைத் தயாரித்த சாமுவேல் பிரான்ஸ்டனின் கம்பெனி நொடித்துப்போனது. அது பற்றிய விசாரணையில் அவரிடம், உங்களுக்குச் சுவிஸ் வங்கியில் எப்போதாவது கணக்கு இருந்ததா என்று கேட்டார்கள். கம்பெனிக்குச் சூரிக்கில் ஆறு மாதம் போல இருந்தது என்றார். அது உண்மை. ஆனால் அவர் பெயரிலேயே ஜெனீவாவில் ஏறக்குறைய ஐந்து வருடம் கணக்கு இருந்திருக்கிறது. இது பொய்ச்சாட்சி ஆகாது என்று 1973-ல் தீர்ப்பானது.

காரணத்தையும் பார். மழுப்பினால் மடக்கிக் கேட்பது வக்கீலின் பொறுப்பு என்றார்கள். உன்னிடம் வந்தவர் வக்கீலா? நீ சொன்னதை நம்பினார். அதனால்தான் மறுகேள்வி கேட்கவில்லை.

நம் ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் புரட்டு. 1872-ல் பைக் ஏது? குதிரையை வைத்து விளக்கியிருக்கிறார்கள். கோளாறு தெரிந்தும் ஏலத்தில் பேசாமல் விற்றால் மோசடி இல்லை. "நீங்கள் மறுக்காவிட்டால் நல்ல குதிரை என்றே எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்லியும் வாயைத் திறக்காவிட்டால், அந்த மௌனமே பேச்சுக்குச் சமம். பேசாதவனுக்கே இந்தக் கதி. நீயோ அவர் தப்பாக நினைக்க வேண்டும் என்றே வார்த்தையைப் பொறுக்கி எடுத்தவன்.

தெரியாமல் தப்பாகச் சொல்லியிருந்தால் உன்னைப் பொய்யன் என்றிருக்க மாட்டேன். கேட்டவர் எதை நம்பிப் போக வேண்டும் என்று நீ நினைத்தாய் என்பதுதான் எனக்குக் கணக்கு. அசுவத்தாமன் என்ற யானை செத்ததும் உண்மைதானே? தர்மபுத்திரன் சொன்ன விதத்தில், செத்தது தன் மகன் என்று நம்பித் துரோணர் ஆயுதத்தைப் போட்டுவிட்டார்.

எல்லாரிடமும் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சம்பளம் கேட்டால் தாராளமாக மழுப்பு. அது அவருக்குத் தேவையில்லாத சங்கதி. ஃபோர்க் அப்படியல்ல, நாளைக்கு அந்த வண்டியில் அவர் பிள்ளைகளும் ஏறுவார்கள்.

இன்றைக்கே அவருக்குப் போன் போட்டுச் சொல். வேண்டாம் என்றால் பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள். செலவழித்திருந்தால் எனக்கு எழுது, அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா