பெஞ்சில் பக்கத்தில் யார்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சோமசுந்தரம் மைதானத்தில் ஆட்டம் முடிந்து நீயும் உன் கூட்டாளிகளும் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினால், சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்கு அடுத்த கோச் யார் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வீடு திரும்புகிறீர்களாமே. உன் அம்மா சொன்னாள். தாராளமாகப் பேசுங்கள். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று ரசிகர்கள் கூட்டம் கூட்டமாய் நின்று தொண்டை கட்டக் கத்துகிற ஊர் இது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கோச்சின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதே. அவரோடு யார் வருகிறார், யார் போகிறார், யார் இருந்த இடத்திலேயே இருக்கிறார் என்றும் விசாரி.

ஓவன் காய்ல் கதையையே எடுத்துக்கொள். 2018-இல் பெங்களூருக்கே போய் அந்த ஊர் அணியை 3-2 என்று சாய்த்துக் கோப்பை வாங்கித் தந்த ஜான் கிரெகரி, 2019 நவம்பர் கடைசியில் விலகினார். அணி அப்போது பட்டியலின் அடிப்பக்கத்தில் கிடந்தது. காய்ல் வந்தார். கையில் இருந்ததோ பெரும்பாலும் அதே ஆட்கள்தான். அரையிறுதியில் நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 4-1 என்று புரட்டி எடுத்தோம். 2020 மார்ச்சில், கொரோனா பயத்தில் ஆளே இல்லாத கோவா மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றதில் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

அதே ஆகஸ்டில் காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். தனியாகப் போனாரா? உதவிப் பயிற்சியாளர் சாண்டி ஸ்டூவர்ட் கூடவே போனார். அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் போனார். 2021-22 சீசனில் ஜாம்ஷெட்பூர் லீக் ஷீல்டை வென்றது. 2023-இல் காய்ல் நம்மிடமே திரும்பி வந்தபோது ஊரே குதித்தது. முதல் தடவை போல இறுதி ஆட்டம்வரை போக முடியவில்லை. ஆள் அதே ஆள்தான், அவரைச் சுற்றியிருந்த அணி வேறு.

இருந்த இடத்திலேயே இருந்தவர் சையத் சபீர் பாஷா. நம் சென்னைக்காரர், இந்தியன் வங்கி அணியின் பழைய முன்கள வீரர். கிரெகரி, காய்ல், லாஸ்லோ, பந்தோவிச் என நான்கு கோச்சுகளுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று உதை வாங்கிய பின் பந்தோவிச் போக, மிச்ச ஆட்டங்களை நடத்திக் கொடுத்தவரும் இவரே. எந்த வீரனுக்கு முழங்கால் வலி, எவன் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதெல்லாம் புதிதாக வருகிற வெளிநாட்டுக்காரருக்கு இப்படிப்பட்ட ஒருவர் சொல்லித்தான் தெரியும். ரசிகர்கள் வாயில் மட்டும் அந்தப் பெயர் வரவே வராது.

இன்னும் இரண்டு கேள்வி கேள். ஒப்பந்தம் எப்போது முடிகிறது? ஐ.எஸ்.எல். அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக நிற்கத் தேவையான 'ப்ரோ' லைசன்ஸ் இருக்கிறதா? உங்கள் வதந்திகளில் பாதி இங்கேயே உதிர்ந்துவிடும்.

அவசரமும் ஆகாது. 2015-இல் லீக்கில் நான்கு ஆட்டம் மிச்சமிருக்கும்போது நாம் கடைசி இடம். அப்போதைய கோச் மாட்டெராஸியை அன்றைக்கே அனுப்பிவிடலாம் என்று பேசியவர்களுக்குக் குறைவில்லை. நான்கையும் ஜெயித்தார்கள். மழை வெள்ளத்தில் ஊர் மூழ்கியதால் நம் ஊர் அரையிறுதியே புனேவுக்குப் போனது. அங்கும் 3-0 என்று வெற்றி. கடைசியில் கோவாவை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று வென்று கோப்பையோடு வந்தார்கள்.

கடைசியாக, 2025-இல் நமக்குக் கோச்சாக வந்த கிளிஃபோர்ட் மிராண்டாவைப் பார். மோகன் பகானில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அதற்கு முன், 2023-இல், தற்காலிகமாகப் பொறுப்பேற்று ஒடிசாவுக்கு சூப்பர் கப் வாங்கித் தந்தவர். பெஞ்சைக் கவனித்தவனுக்கு அந்தப் பெயர் புதிதாக இருந்திருக்காது. உங்கள் டீக்கடையில் எவனாவது அவரை முன்கூட்டியே சொன்னானா? சொல்லியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளிக்கு வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வா. அத்தையிடம் அடை வார்க்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா